பழைய கடற்படைப் பீரங்கி உறைகள்: அடிப்புற எழுத்துகளைப் படிப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

"தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தார். அவர் வைத்திருந்த கனமான பித்தளைக் குடுவை பரணில் கிடக்கிறது. அடியில் ஒரு அம்புக்குறியும் சில எழுத்துகளும் இருக்கின்றன. இது என்ன?" இப்படிக் கேட்டு வரும் படங்களில் பாதிக்கு மேல் பழைய பீரங்கி உறைகள்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், இது வெடிக்குமா?

உறைக்குள் எதுவும் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியாதவரை வெடிக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாய் திறந்து, உள்ளே டார்ச் அடித்தால் அடிவரை வெறுமையாகத் தெரிந்தாலும் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. அடிப்புறத்தின் நடுவில் திருகாணி போல வட்டமாக இருப்பது பிரைமர். வெடிமருந்துக்கு முதல் பொறியைத் தருவது அதுதான். உறை காலியாக இருந்தும் பிரைமர் உயிரோடு இருக்கலாம்.

பிரைமரில் ஊசி குத்திய பள்ளம் இருந்தால் சுடப்பட்டது என்று பலர் நம்புகிறார்கள். அதை நம்பி இறங்கக் கூடாது. ஊசி குத்தியும் பற்றாமல் போனவை உண்டு. கடற்படைப் பீரங்கிகளில் மின்சாரத்தால் பற்றவைக்கும் பிரைமர்களும் பரவலாக இருந்தன; அவற்றில் சுட்ட பிறகும் பள்ளம் விழாது. ஆகவே பிரைமரைக் கழற்றவோ, தட்டவோ, அடுப்பருகே வைக்கவோ வேண்டாம்.

உறையின் வாயில் கூம்பான குண்டு இன்னும் பொருந்தியிருந்தால், அல்லது வாய் மூடி போட்டு அடைக்கப்பட்டிருந்தால், தொடாமல் விலகி வந்து காவல்துறைக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் 112, இலங்கையில் 119.

உறை, குண்டு, ஷெல் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் வேறு எதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும். எதிரியை நோக்கிப் பறந்து போய் வெடிக்கும் எஃகுப் பகுதிதான் குண்டு, ஷெல் என்பதும் அதையே. அதைத் தள்ளிவிடும் மருந்தை அடைத்து வைத்த பித்தளைக் குடுவை உறை. ஈழத்தில் 'கோது' என்பார்கள், பொருத்தமான சொல். குண்டு பறக்கும், உறை பறக்காது. சுட்டதும் அது பீரங்கியின் பின்பக்கம் வழியாகக் கப்பல் தளத்திலேயே விழும். பித்தளை விலை உயர்ந்தது என்பதால் பொறுக்கி எடுத்து, திரும்ப அனுப்பி, மறுபடி மருந்து நிரப்பினார்கள். சண்டையின் மும்முரத்தில் கடலில் தள்ளிவிட்டதும் உண்டு.

இந்த ஒரு உண்மையை வைத்தே பல குடும்பக் கதைகளைச் சரிபார்த்துவிடலாம். கீழே எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் பற்றிய கேள்விக்கு வரும்போது அது புரியும்.

எல்லாக் கடற்படைப் பீரங்கிக்கும் இப்படி உறை உண்டா?

கிடையாது. பிரிட்டிஷ் முறையில் இரண்டு வகை. விரைவாகச் சுடும் பீரங்கிக்குக் 'கியூ.எஃப்.' என்று பெயர். அதற்குப் பித்தளை உறை உண்டு. 'பி.எல்.' என்று குறிக்கப்பட்டவற்றில் கார்டைட் மருந்தைப் பட்டுத்துணிப் பைகளில் கட்டிப் போடுவார்கள். பை எரிந்துவிடும், உறை என்று எதுவும் மிஞ்சாது. பற்றவைக்கும் சின்னப் பித்தளைக் குழல் ஒன்று மட்டும் விரல் நீளத்துக்கு மிஞ்சும். ஜெர்மானியர்கள் வழி வேறு. மிகப் பெரிய போர்க்கப்பல் பீரங்கிகளுக்கும்கூட முக்கிய மருந்தைப் பித்தளை உறையிலேயே வைத்தார்கள். அவர்களுடைய பீரங்கியின் பின்மூடி அமைப்பு அதைக் கேட்டது.

புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். குத்துவிளக்கைத் தேய்ப்பது போல உறையையும் தேய்த்து, பிறகு படம் அனுப்புகிறார்கள். ஆழமாக அடித்த முத்திரை தப்பிவிடும். மெல்லிய முத்திரைகளும், மருந்து வகையைச் சொல்லும் சாய எழுத்துகளும் ஒரே தேய்ப்பில் போய்விடும். போனது போனதுதான்.

அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் இன்னும் மோசம். இதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு பழைய கதை இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டா உறைகள் காரணம் தெரியாமல் விரிசல் விட்டன. அந்தப் பருவத்தில் வருவதால் 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குதிரை மூத்திரத்தில் இருந்து எழும் அம்மோனியாவும், உறையை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்தே விரிசல் உண்டாக்கின என்று 1921-இல் விளக்கினார்கள். பீரங்கி உறையும் அதே வகை உலோகம்தான், ஏறக்குறைய 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம்.

மென்மையான துணியும் கொஞ்சம் தண்ணீரும் போதும், உடனே துடைத்து உலர்த்திவிடுங்கள். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் இருக்கட்டும்.

எழுத்துகள் மங்கலாக இருக்கின்றன. எப்படிப் படிப்பது?

அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில், ஏறக்குறைய தரையோடு தரையாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளங்கள் நிழலாக எழும். டார்ச்சை உறையைச் சுற்றி நகர்த்திக்கொண்டே நாலைந்து படம் எடுங்கள். இன்னொரு வழி, சாக்பீஸ் பொடியை எழுத்துகள் மேல் தூவி விரலால் தடவிவிட்டு மேற்பரப்பை மட்டும் துடைப்பது. பொடி பள்ளத்தில் தங்கி எழுத்து வெள்ளையாகத் தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தும் பிரதி எடுக்கலாம். சின்ன வயதில் நாணயத்தின் மேல் தாள் வைத்துச் செய்தோமே, அதேதான்.

பிரைமரிலும் தனி எழுத்துகள் இருக்கும். அவை பிரைமருக்கு உரியவை. அதன் தேதியும் உறையின் தேதியும் வேறுபட்டால் குழம்ப வேண்டாம், பழைய உறைக்குப் புதிய பிரைமர் பொருத்தியிருப்பார்கள்.

அம்புக்குறி என்றால் என்ன?

கோழிக்கால் தடம் போன்ற அந்த மூன்று கோடு, பிரிட்டிஷ் அரசின் உடைமைக் குறி. அது தனியாக இருந்தால் கடற்படை என்று முடிவுகட்டக் கூடாது. தரைப்படை, கடற்படை இரண்டுக்கும் பொதுவானது. அம்புக்குறியோடு சேர்ந்து ஆங்கில 'என்' எழுத்து இருந்தால் கடற்படைச் சேவையைக் குறிக்கும். எங்கோ ஒரு மூலையில் தனியாக நிற்கும் 'என்' அப்படி இருக்க வேண்டியதில்லை.

அம்புக்குறியைச் சுற்றி 'சி' எழுத்து இருந்தால் கனடா. இரண்டு 'டி' எழுத்துகளுக்கு நடுவே அம்பு நின்றால் ஆஸ்திரேலியா. அம்புக்குக் கீழே 'ஐ' இருந்தால் இந்தியா.

பிரிட்டிஷ் உறையில் மற்ற எழுத்துகள் என்ன சொல்கின்றன?

பெரிதாக அடித்திருப்பது பீரங்கியின் பெயர். பிரிட்டிஷார் இரண்டு விதமாகப் பெயரிட்டார்கள். பெரிய பீரங்கி என்றால் வாயின் விட்டம்: 4 அங்குலம், 4.7 அங்குலம். சிறியது என்றால் குண்டின் எடை: 3 பவுண்டர், 6 பவுண்டர், 12 பவுண்டர். உறையில் இது 'பி.ஆர்.' என்று சுருக்கமாக வரும்.

'12 பி.ஆர். 12 சி.டபிள்யூ.டி.' என்று இருப்பதைப் பார்த்துத்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். முதல் 12 குண்டின் எடை, பவுண்டில். இரண்டாவது 12 பீரங்கியின் எடை, ஹண்ட்ரட்வெயிட்டில். கிலோவில் ஏறக்குறைய 610. 12 பவுண்டரிலேயே 8, 12, 18 ஹண்ட்ரட்வெயிட் என்று பல பீரங்கிகள் இருந்து, ஒன்றின் உறை மற்றொன்றுக்குப் பொருந்தாததால்தான் இரண்டையும் அடித்தார்கள். எல்லாவற்றுக்கும் வாய் 76.2 மி.மீ. என்பதால் விட்டத்தை மட்டும் அளந்து வகை சொல்ல முடியாது.

12 பவுண்டர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது பெங்கால் என்ற சின்னக் கப்பல். 1942 நவம்பர் 11 அன்று ராயல் இந்தியக் கடற்படையின் அந்தக் கண்ணிவாரிக் கப்பல், ஒரேயொரு 12 பவுண்டரை வைத்துக்கொண்டு, ஒந்தினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலோடு சேர்ந்து, தன்னைவிடப் பல மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியக் கப்பல்களை இந்துமாக் கடலில் எதிர்த்து நின்றது. அவற்றில் ஹோகொகு மாரு மூழ்கியது. இந்த அளவு உறையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன்.

பீரங்கிப் பெயருக்குப் பக்கத்தில் வரும் ரோமன் எண், உறை வடிவமைப்பின் எத்தனையாவது திருத்தம் என்பதைச் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் ரோமன் எண் விலகிச் சாதாரண எண் வந்தது. 'லாட்' என்றிருப்பது தொகுதி எண். அதை ஆண்டு என்று படித்துவிட்டு வருபவர்கள் உண்டு.

பிறகு செய்தவர் முத்திரை. 'ஆர்.எல்.' என்றால் வூல்விச்சில் இருந்த ராயல் லேபரட்டரி. 'இ.ஓ.சி.' எல்ஸ்விக் ஆர்ட்னன்ஸ் கம்பெனி. 'கே.என்.' பர்மிங்காமின் கிங்ஸ் நார்ட்டன். 'வி.எஸ்.எம்.' விக்கர்ஸ், சன்ஸ் அண்டு மேக்சிம். அந்த நிறுவனம் 1897 முதல் 1911 வரைதான் அந்தப் பெயரில் இருந்தது, ஆகவே தேதி தேய்ந்துபோன உறைக்கு இது நல்ல துப்பு.

'சி.எஃப்.' என்று நாலைந்து முறை அடித்திருக்கிறதே?

கார்டைட் மருந்து, முழு அளவு என்பதன் சுருக்கம். ஒவ்வொரு முறை முழு அளவு மருந்து நிரப்பும்போதும் ஒன்று அடித்தார்கள். நாலு இருந்தால் அந்த உறை நாலு முறை நிரம்பியிருக்கிறது. ஒரே தேதி முத்திரையை வைத்து "இது இந்தச் சண்டையில் சுட்டது" என்று சொல்வது ஏன் கடினம் என்பது இதில் விளங்கும். தேதி உறை பிறந்த நாள்தான். அதற்குப் பிறகு எத்தனை கைகள், எத்தனை பீரங்கிகள் என்பது யாருக்கும் தெரியாது.

என்ன அளவுகள் எடுக்க வேண்டும்?

வாயின் உள்விட்டம், மொத்த நீளம், அடிவிளிம்பின் விட்டம். மூன்றும் மில்லிமீட்டரில். வாய் விட்டத்தையும் நீளத்தையும் சேர்த்து எழுதுவது சேகரிப்பாளர் வழக்கம். ஹாட்ச்கிஸ் 3 பவுண்டர் 47×376, ஹாட்ச்கிஸ் 6 பவுண்டர் 57×307. 40 மி.மீ.யில் கவனம் தேவை: குட்டையானது, 40×158, விக்கர்ஸ் 2 பவுண்டர் 'பாம் பாம்'. நெட்டையானது, 40×311, போஃபோர்ஸ்.

பரணில் கிடைப்பவற்றில் கடற்படையைச் சேராதவையே அதிகம். 84×295 என்று வந்தால் அது 18 பவுண்டர், முதல் உலகப் போரின் தரைப்படைப் பீரங்கி. 88×292 என்றால் 25 பவுண்டர், அதுவும் தரைப்படை. வாய் வெட்டிக் குட்டையாக்கிய உறைகளும் உண்டு, அப்போது நீளம் ஏமாற்றும். அடிவிளிம்பின் விட்டமும் எழுத்தும்தான் கைகொடுக்கும்.

காந்தம் ஒட்டினால் எஃகு உறை. பித்தளைத் தட்டுப்பாட்டில் செய்தது, பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்.

கடற்படைப் பீரங்கி என்றால் கடலில்தான் சுட்டிருக்குமா?

அப்படியும் இல்லை. 1899-இல் தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் முற்றுகையில் பவர்ஃபுல், டெரிபிள் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் 4.7 அங்குல, 12 பவுண்டர் பீரங்கிகளைக் கழற்றி, சக்கரம் பூட்டி, கரையிலிருந்து தொலைவில் கொண்டுபோய்ச் சுட்டார்கள். கோட்டைகளிலும் கரையோரக் காவல் மேடைகளிலும் இதே வகைப் பீரங்கிகள் நின்றன.

ஜெர்மன் உறையை எப்படி அறிவது?

கைசர் காலத்துக் கடற்படை என்றால் கிரீடமும் அதன் கீழே 'எம்' எழுத்தும். 'எம்' என்றால் மரீனெ, கடற்படை. இட்லர் காலத்தில் கிரீடத்தின் இடத்தில் கழுகு வந்தது, 'எம்' அப்படியே நின்றது. 'டபிள்யூ.ஏ.ஏ.' என்ற முத்திரை தரைப்படையின் ஆயுத அலுவலகத்துடையது.

இரண்டு குழிகளில் புதியவர்கள் விழுகிறார்கள். 'சி/32' என்று பார்த்துவிட்டு 1932-இல் செய்தது என்கிறார்கள். அது வடிவமைப்பின் ஆண்டு. உறை செய்த ஆண்டு வேறு இடத்தில் இருக்கும். இன்னொன்று ஊர்ப் பெயர். முதல் உலகப் போர்க்கால உறைகளில் கார்ல்ஸ்ரூஹ, மாக்டபுர்க் என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்தப் பெயர்களில் ஜெர்மன் போர்க்கப்பல்களும் இருந்தன, இரண்டும் 1914-லேயே அழிந்தன. தேடிப் பார்ப்பவருக்கு முதலில் கப்பல் படம் வரும், உடனே அந்தக் கப்பலின் உறை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி. உண்மையில் அவை தொழிற்சாலை இருந்த ஊர்கள். கார்ல்ஸ்ரூஹவில் தோட்டாத் தொழிற்சாலை, மாக்டபுர்க்கில் போல்ட்டெ நிறுவனம். அதே எழுத்தோடு வரும் உறைகளில் பெரும்பகுதி தரைப்படை உறைகள்.

அமெரிக்க, ஜப்பானிய உறைகள்?

இரண்டிலும் நங்கூரத்தைத் தேடுங்கள். அமெரிக்கக் கடற்படை உறைகளில் நங்கூரத்தோடு சோதனை அதிகாரியின் முதலெழுத்துகள், அங்குல அளவு, 'எம்.கே.' என்ற வடிவமைப்பு எண் ஆகியவை வரும். ஜப்பானியத்தில் நங்கூரத்தோடு ஜப்பானிய எழுத்துகள்.

எங்கள் வீட்டு உறை எம்டன் சென்னையைத் தாக்கியபோது விழுந்தது என்கிறார்கள். உண்மையா?

தமிழ்நாட்டிலிருந்து வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் இன்றும் பேசுகிறோம் என்றால் அந்த இரவு எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, கேப்டன் கார்ல் ஃபான் ம்யுல்லர் தலைமையில் வந்த எம்டன், 120-க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர்நீதிமன்றத்தின் மதில் சுவரில் இன்றும் நினைவுக் கல் இருக்கிறது.

எம்டனிடம் இருந்தவை பத்து 10.5 செ.மீ. பீரங்கிகள். வகைப் பெயரில் வரும் 'எல்/40' என்பது குழல் வாய்விட்டத்தைப் போல் நாற்பது மடங்கு நீளம், அதாவது 4.2 மீட்டர். இனி மேலே சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உறை பறக்காது. அன்றிரவு சுட்ட உறைகள் எல்லாம் கப்பல் தளத்தில்தான் விழுந்தன. சென்னைக்கு வந்து சேர்ந்தவை எஃகுக் குண்டுகளும் அவற்றின் துண்டுகளும் மட்டுமே. ஆகவே பித்தளை உறை எதுவும் எம்டன் சென்னை மீது வீசியதாக இருக்க முடியாது, அடியில் கிரீடமும் 'எம்'மும் இருந்தாலும்கூட.

குடும்பம் காத்து வைத்திருப்பது கனமான, ஒழுங்கற்ற எஃகுத் துண்டு என்றால் அது வேறு கேள்வி. அதன் மேல் செம்புப் பட்டையின் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். பீரங்கிக் குழலின் வரிப்பள்ளங்களில் கடித்துக் குண்டைச் சுழற்ற வைத்த பட்டை அது. வெட்டுத் தடங்கள் சாய்வாகத் தெரியும். அப்படி ஒன்று இருந்தால் அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போகத் தகுந்தது. ஆனால் வீட்டிலிருந்து நகர்த்தும் முன், உள்ளே மருந்து இல்லை என்பதை வெடிகுண்டு நிபுணர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எம்டனின் உறைகள் என்று நியாயமாகச் சொல்லக்கூடியவை, 1914 நவம்பர் 9 அன்று அது கோகோஸ் தீவுகளில் தரைதட்டிய இடத்திலிருந்து எடுத்தவை. அவை போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுக்கு. எம்டனை வீழ்த்திய ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியின் 6 அங்குலப் பீரங்கிகள் பி.எல். வகை. பட்டுப் பை, உறை கிடையாது. 'சிட்னி எம்டன் மீது சுட்ட உறை' என்று யாராவது 6 அங்குலப் பித்தளையை விற்க வந்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பலிலிருந்து எடுத்த உறை என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

முதலில் பொருத்தம் பார்ப்போம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பலின் பெரிய பீரங்கிகள் 5.5 அங்குலம், பி.எல். வகை. அதற்கு உறையே இல்லை. விமான எதிர்ப்புக்கு வைத்திருந்த 4 அங்குலப் பீரங்கிகளுக்கு உறை உண்டு. உடன் மூழ்கிய வாம்பயர் நாசகாரிக் கப்பலிலும் 4 அங்குலம். 5.5 அங்குல உறை என்றால் கதை தவறு.

4 அங்குல உறையாகவே இருந்தாலும் வாங்காதீர்கள். ஹெர்மிஸில் 307 பேர் இறந்தார்கள். அது அவர்களுடைய கல்லறை. மலேசியக் கரைக்கு அப்பால் 1941 டிசம்பர் 10 அன்று மூழ்கிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் கப்பல்களில் 800-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; அவற்றின் உலோகத்தைத் திருடர்கள் கிள்ளிக் கிள்ளி எடுத்து வந்திருக்கிறார்கள். 2023 மே மாதம் மலேசிய அதிகாரிகள் பிடித்த சீனக் கப்பலில் துருப்பிடித்த பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன. வாங்க ஆள் இருக்கும்வரை முங்கி எடுக்கவும் ஆள் இருக்கும். கடலடியில் கிடந்த வெடிமருந்து செத்துவிட்டது என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. உப்புநீர் பித்தளையை அரிக்கும், உள்ளிருக்கும் மருந்தைப் பாதுகாப்பாக ஆக்காது.

உறையில் பூ, இலை, ஊர்ப் பெயர் செதுக்கியிருக்கிறது. மதிப்பு குறையுமா?

குறையாது, பல நேரம் கூடும். போர்வீரர்களும் ஊர்க் கைவினைஞர்களும் உறைகளைப் பூச்சாடியாகவும் குடைத் தாங்கியாகவும் மாற்றினார்கள். செதுக்கிய தேதியும் அடிப்புறத் தேதியும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். 1917-இல் செய்த உறையில் 1915 சண்டையின் பெயர் இருந்தால், பிற்பாடு நினைவாகவோ விற்பனைக்காகவோ செதுக்கியது.

சட்டச் சிக்கல் உண்டா?

மருந்தோ உயிருள்ள பிரைமரோ இருந்தால் இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959, வெடிபொருள் சட்டம் 1884 இரண்டும் குறுக்கே வரும். காயலான் கடையில் போடுவது தீர்வல்ல, அங்கே அதை வெட்டப்போகும் தொழிலாளியின் உயிர் போகும். முதல் உலகப் போர்க்கால உறைகள் நூறு ஆண்டைத் தாண்டிவிட்டன. வரலாற்று மதிப்புள்ளவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும் என்பதால் வெளிநாட்டுக்கு விற்கும் முன் தொல்லியல் துறையிடம் கேளுங்கள்.

அடையாளம் கேட்டு எழுதும்போது என்னென்ன அனுப்ப வேண்டும்?

அடிப்புறம் முழுதும் தெரியும்படி நேர்ப் படம் ஒன்று, பக்க வெளிச்சத்தில் இரண்டு, ஸ்கேல் வைத்து நின்ற கோலத்தில் ஒன்று. மூன்று அளவுகள். காந்தம் ஒட்டுகிறதா என்பது. எழுத்துகளைக் கடிகார முள் திசையில், உள்ளபடியே, புரியாத இடத்தில் புள்ளி வைத்து எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். குடும்பத்தில் சொல்லும் கதையைத் தனித் தாளில், சொன்னவர் பெயரோடு எழுதி உறைக்குள்ளேயே போட்டு வையுங்கள். எழுத்தோடு கதை ஒத்துப்போகாவிட்டாலும் அந்தத் தாளைக் கிழித்துவிட வேண்டாம். தாத்தா அந்த உறையை எங்கே, யாரிடமிருந்து வாங்கினார் என்ற துப்பு அதில் இருக்கலாம்.